இருபத்து நான்கில் ஒரு பங்கு

பிளாஸ்டிக் கார் மாடல் கிட் ஒன்றின் பெட்டியில் காரின் பெயருக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது ஒரு பின்னம்: 1/24. வாங்குகிறவர் அதை ஓர் உறுதிமொழியாகவே எடுத்துக்கொள்கிறார். உள்ளே இருப்பது அசல் கார்தான், எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சிறுத்துப்போன அசல். வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்தால் வேலை முடிந்தது என்று அந்தப் பின்னம் சொல்வதுபோல் இருக்கிறது. இந்தக் கைவேலையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களும் சரி, மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்கிறவர்களும் சரி, பெரும்பாலும் இந்த எண்ணத்தில் ஒன்றுபடுகிறார்கள். முன்னவர்கள் ‘நகல்தானே’ என்கிறார்கள். பின்னவர்கள் ‘எவ்வளவு துல்லியமான நகல், பார்’ என்கிறார்கள். இரண்டு பேச்சுமே எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பின்னத்தைக் காப்பாற்ற முடிவது நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றில் மட்டும்தான். ஒரு காரைக் கார் என்று கண் அடையாளம் காணும் மற்ற விஷயங்களில், அதாவது தகட்டின் மெல்லிசில், பெயின்டின் பளபளப்பில், கதவிடுக்கின் இருட்டில், நிறத்தில், அதைக் காப்பாற்றவே முடியாது. பிடிவாதமாக முயன்றால் மாடல் கெட்டுப்போகும். அங்கெல்லாம் கட்டுகிறவர் கணக்கை ஓரமாக வைத்துவிட்டுத் தன் கண்ணை நம்பி ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. மேசைமேல் கடைசியில் நிற்பது அந்த முடிவுகள்தான் என்பது என் வாதம்.

முதலில் பின்னத்தின் பூர்வீகம். கார்களின் இயல்பிலிருந்து பிறந்த அளவு எதுவும் இல்லை. 1/24 என்பது ஓர் அடிக்கு அரை அங்குலம். அடி–அங்குலக் கோலில் வரைந்து பழகியவர்களுக்கு வசதியான கணக்கு, அவ்வளவே. 1948இல் மிச்சிகனில் தொடங்கிய ஏஎம்டி நிறுவனம் 1/25ஐப் பிடித்துக்கொண்டது. ஷோரூமுக்கு வருகிறவர்களிடம் காட்டவும் கொடுக்கவும் அமெரிக்க கார் டீலர்கள் வைத்திருந்த சிறு கார்கள் அந்த அளவில் இருந்தன. அவற்றின் அச்சுகளே பிறகு கிட்களாகவும் உருமாறின. 1/43 வந்தது பொம்மை ரயிலிலிருந்து: ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று ரயில் மாடல்காரர்கள் வைத்துக்கொண்ட அளவுக்குத் துணையாகத் தெருவில் நிறுத்தக் கார்கள் தேவைப்பட்டன. இன்று ராணுவ மாடல்களில் உலகம் முழுக்கப் புழங்கும் 1/35இன் கதை இன்னும் எளிது. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்தின் டாமியா நிறுவனம் 1961இல் பேந்தர் டாங்கியை மோட்டாரோடு வெளியிட்டபோது அதன் வயிற்றுக்குள் இரண்டு பேட்டரிகள் அடங்க வேண்டியிருந்தது. பேட்டரி அடங்கிய உருவத்தைக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 1/35 வந்தது. பின்னம் இப்படிப் பேட்டரியாலும் ரயிலாலும் டீலர் மேசையாலும் தீர்மானமானது என்பதால் அது பொய்யாகிவிடாது. ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் வேதவாக்கு அந்தஸ்து அதற்கு இல்லை.

இனி கனம். நிஜக் காரின் உடல் தகடு முக்கால் மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 24ஆல் வகுத்தால் 0.03 மில்லிமீட்டர், நாம் எழுதும் காகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்த மெல்லிசில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் பாய்ச்ச முடியாது, பாய்ச்சினாலும் விரல் பட்டால் நெளிந்துவிடும். ஆகவே கிட்டின் உடல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்தில் வருகிறது. நிஜ அளவில் அது 24 மில்லிமீட்டர், கவச வண்டிக்குரிய கனம். சக்கர வளைவின் உதட்டிலும் ஜன்னல் ஓரத்திலும் இது அப்பட்டமாகத் தெரியும். கைதேர்ந்தவர்கள் இதற்குச் செய்வது என்ன? உட்பக்கமிருந்து கத்தியாலும் உப்புத்தாளாலும் விளிம்பை மட்டும் சரிவாகச் சீவுகிறார்கள். வெளியே தெரியும் அந்த ஓரம் மெலிந்துவிட்டால் போதும், மொத்த உடலும் தகடுதான் என்று கண் எடுத்துக்கொள்கிறது. மற்ற இடமெல்லாம் பழைய தடிமனோடு அப்படியே இருக்கிறது. அளவுக்கோலால் பார்த்தால் இது ஏமாற்று. பார்வைக்கு இது தகட்டைப் பற்றிய உண்மை.

பெயின்டிலும் இதே சிக்கல், இன்னும் கூடுதலாக. தொழிற்சாலையில் அடித்த கார் பெயின்ட் ப்ரைமரிலிருந்து மேல் கிளியர் வரை சேர்த்து 100 மைக்ரானுக்குச் சற்று மேலே இருக்கும். 1/24இல் அது நாலைந்து மைக்ரான். தலைமயிரின் குறுக்களவு ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்தால் எந்த ஏர்பிரஷ்ஷும் அதை எட்டப்போவதில்லை என்பது புரியும். ப்ரைமர், நிறம், கிளியர் என்று எவ்வளவு சிக்கனமாக அடித்தாலும் பல பத்து மைக்ரான் ஏறிவிடும். அசலின் விகிதத்தில் பார்த்தால் கார்மேல் சாந்து பூசியதற்குச் சமம். கதவிடுக்குக் கோடுகளும் சின்னங்களின் விளிம்புகளும் அதில் ரொம்பிப் போகும். அதனால் பெயின்டைத் தொடுவதற்கு முன்பே ஒவ்வொரு கோட்டையும் கூர்முனையால் மறுபடி கீறி ஆழமாக்குகிறார்கள். பின்னால் வரப்போகும் தவறுக்கு முன்கூட்டியே செய்யும் தவறு அது, இரண்டும் சேர்ந்து சரியாகின்றன. மெட்டாலிக் நிறங்களில் துல்லியப் பித்து இன்னும் தெளிவாகக் காலை வாரும். காரின் அசல் பெயின்டையே கடையில் வாங்கி அடித்தால் அதைவிட உண்மையான நிறம் ஏது என்று தோன்றலாம். ஆனால் அதிலுள்ள அலுமினியத் துகள் 20 மைக்ரான் என்றால், அது அசல் காரில் அரை மில்லிமீட்டர்ப் பொடி ஒட்டியதுபோல் தெரியும். அசல் பெயின்டால் அசலைப் போலில்லாத கார் கிடைக்கிறது. மாடலுக்கென்று துகளை நன்றாகப் பொடித்து, சேர்மானம் மாற்றிச் செய்த பெயின்ட்தான் அசலாகத் தெரிகிறது.

நீர்மத்துக்குப் பின்னம் தெரியாது என்பதுதான் இதன் அடிப்படை. பெரிதாவதும் சிறிதாவதும் வெறும் வடிவ விவகாரம் அல்ல, பருப்பொருளின் நடத்தையே மாறுகிறது என்று கலிலியோ 1638இல் எலும்புகளையும் உத்தரங்களையும் வைத்து விளக்கினார். மாடல்காரர் அதைப் பெயின்டில் சந்திக்கிறார். ஸ்ப்ரே டப்பாவை ஒரு சாண் தூரத்தில் பிடித்து அடிக்கும்போது முதல் கோட்டிங் வெறும் தூவல். உடலின் நிறம் முழுக்க மூடக் கூடாது, பின்னால் வருவது பிடித்துக்கொள்ள ஒரு சொரசொரப்பைத் தந்தால் போதும். அடுத்ததும் அதற்கடுத்ததும் ஈரமாக விழ வேண்டும். துளிகள் விழுந்த கணத்தில் தனித்தனியாக நிற்கும், பிறகு ஒன்றோடொன்று கலந்து கண்ணாடிபோல் மட்டமாகும். தூரம் கூடினால் துளி காற்றிலேயே காய்ந்து மணல்போல் ஒட்டும். குறைந்தால் மட்கார்டின் கீழ் விளிம்பில் திரண்டு வழியும். பரப்பு இழுவிசை காரணமாகப் பெயின்ட் கூரான மடிப்புகளைவிட்டு விலகி இரண்டு பக்கமும் ஒதுங்கிக்கொள்கிறது. எந்த மடிப்பு காரின் உருவத்தைத் தீர்மானிக்கிறதோ அங்கேதான் நிறம் மிக மெல்லிசாக இருக்கும். பாலிஷ் போடும்போது முதலில் தேய்ந்து ப்ரைமர் எட்டிப்பார்ப்பதும் அங்கேதான். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் லேக்கர் புகைபடிந்ததுபோல் வெளுத்துவிடும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது. போட்டிக்கென்று செய்யும் சில மாடல்களில் கிளியரை மேன்மேலும் அடித்துத் தேய்த்துப் பளபளப்பை உச்சிக்குக் கொண்டுபோகிறார்கள். அவை ஜீராவில் ஊறிய குலாப் ஜாமூன்போல் ஆகிவிடுகின்றன: பளபளப்பு இருக்கிறது, அதற்குள்ளே இருக்க வேண்டிய தகடு காணாமல்போகிறது. பளபளப்பில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்குக் கணக்கே கிடையாது. பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

கதவிடுக்குக் கோட்டைச் சற்று நெருங்கிப் பார்த்தால் என் வாதம் இன்னும் துலங்கும். நிஜக் காரில் கதவுக்கும் உடலுக்கும் நடுவே நாலு மில்லிமீட்டர் இடைவெளி, உள்ளே ஆழமான வெற்றிடம். போன வெளிச்சம் திரும்பி வருவதில்லை. அதனால் கறுப்பாகத் தெரிகிறது. கிட்டில் அது ஆழமற்ற பள்ளம். அடியில் பளபளப்பான சிவப்போ வெள்ளையோ, விளக்கு வெளிச்சம் பட்டு மின்னும். வடிவம் அப்படியே இருந்தும் இருட்டு இல்லாததால் கதவு திறக்கும் என்று கண் நம்ப மறுக்கிறது. ஆகவே இருட்டை வரைகிறார்கள். எனாமல் பெயின்டைத் தண்ணீர்போல் கரைத்து, மெல்லிய தூரிகையின் நுனியால் கோட்டின் ஓரிடத்தில் தொட்டால் போதும், அது தானாகவே பள்ளம் வழியே கதவைச் சுற்றி ஓடும். பஞ்சு சுற்றிய குச்சியில் எனாமல் தின்னரைத் தொட்டு வழிந்ததைத் துடைக்க வேண்டும். இதற்காகவே உடலுக்கு லேக்கர் அடித்திருக்க வேண்டும். உடலும் எனாமலாக இருந்தால் துடைக்கும்போது அதுவும் கூடவே வந்துவிடும். தின்னர் அதிகம் ஊறினால் இறுக்கமாகப் பொருத்திய பிளாஸ்டிக்கில் கீறல் விடும் அபாயமும் உண்டு. எந்த நிறத்தில் ஓடவிடுவது என்பதில்தான் கண் வேலைசெய்கிறது. வெள்ளைக் காரில் சுத்தக் கறுப்பை ஓடவிட்டால் பேனாவால் கோடு கிழித்த சித்திரக்கதைக் கார் ஆகிவிடும். அங்கே நடுத்தரச் சாம்பல் போதும். சிவப்பில் கரும்பழுப்பு. பானட்டும் கதவும் திறக்கும் இடுக்குகளுக்கு அழுத்தமாக, வெறும் இணைப்புக் கோடுகளுக்கு லேசாக. வெளிச்சம் எங்கே நுழைகிறது, எங்கே தடுக்கப்படுகிறது என்று யோசித்த பிறகே தூரிகையை எடுக்க முடிகிறது.

நிறத்தைப் பற்றி மாடல்காரர்களிடையே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. சிறிய மாடலுக்கு அசல் நிறத்தைச் சற்று வெளிறச் செய்ய வேண்டும், ஏனென்றால் தூரத்துப் பொருள் காற்றின் ஊடாக வெளிறித் தெரியும் என்பார்கள். செய்முறை சரி, காரணம் சரியில்லை. ஒரு மாடலை 30 சென்டிமீட்டர் தள்ளிப் பார்ப்பது அசல் காரை ஏழு மீட்டர் தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். ஏழு மீட்டர்க் காற்று எந்த நிறத்தையும் வெளிறவைப்பதில்லை. கப்பலுக்கும் விமானத்துக்கும் பொருந்தலாம், காருக்குப் பொருந்தாது. எனக்குத் தெரிந்தவரை உண்மையான காரணம் வெளிச்சம். காரை நாம் பார்ப்பது வெயிலில். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். மாடலைப் பார்ப்பது சில நூறு லக்ஸ் உள்ள அறையில். வெயிலில் கரும்பச்சை என்று தெரிந்தது அறைக்குள் கறுப்பு என்று தெரிகிறது. டயரும் அப்படித்தான்: தார்ச்சாலையில் டயர் ஒருபோதும் கருங்கறுப்பு அல்ல, தேய்ந்து தூசி படிந்த அடர்சாம்பல். மாடலில் கறுப்பு என்று வாங்கிய கறுப்பையே அடித்தால் டயரும் சக்கர வளைவின் நிழலும் ஒன்றாகி, கார் எதன்மேல் நிற்கிறது என்றே தெரியாது. சீட்டுக்கும் டாஷ்போர்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் மூன்று வேறு சாம்பல்களைக் கலக்க வேண்டியிருக்கிறது; மூன்றும் அசலில் கறுப்பு.

இன்னொரு வேறுபாடு நாம் நிற்கும் உயரம். தெருவில் நம் கண் ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்கு மேலே, காரின் கூரைக்குச் சற்று உயரத்தில் இருக்கிறது. கூரையைச் சாய்வாக ஒரு கீற்றுபோலத்தான் பார்க்கிறோம். மேசைமேல் இருக்கும் மாடலை அரை மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால், அது அசல் காரைப் பன்னிரண்டு மீட்டர் மேலிருந்து, மூன்று மாடி ஏறி நின்று பார்ப்பது. கூரையும் பானட்டும் அகன்று விரிய, பக்கவாட்டு உருவம் சுருங்கிவிடுகிறது. அளவு சரியாக இருந்தும் ‘ஏதோ இடிக்கிறது’ என்று சொல்லவைப்பது இதுதான். அதே மாடலைக் கேமராவின் லென்ஸ் தரையிலிருந்து ஆறேழு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி வைத்துப் படமெடுத்தால், மேலிருந்து பார்க்கையில் பொம்மையாக இருந்தது திடீரென்று காராகிவிடும். மாடலில் எதுவும் மாறவில்லை. அச்சு வடிவமைப்பாளர்கள் இதை அறிந்தே கூரை உயரத்தையும் கண்ணாடிச் சரிவையும் மயிரிழை கூட்டிக் குறைக்கிறார்கள். இந்தத் தொழிலில் அது பழைய வழக்கம்.

இந்த வழக்கத்துக்கு எதிரான வழக்கும் பழையதுதான். பிளேட்டோவின் ‘சோஃபிஸ்ட்’ உரையாடலில் உருவம் செய்வதை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: மூலத்தின் விகிதங்களை அப்படியே காப்பது ஒன்று; பார்ப்பவருக்குச் சரியாகத் தோன்றும்படி விகிதங்களை மாற்றுவது மற்றது. பெரிய சிலை செய்கிறவர்கள் மேல்பாகம் தூரத்தில் சிறுத்துத் தெரியும் என்பதற்காக அதைப் பெரிதாகச் செய்வதை எடுத்துக்காட்டி, இரண்டாவதை உண்மையிலிருந்து விலகியதாகவே அந்த உரையாடல் கருதுகிறது. மாடல் கட்டுகிறவர் சந்தேகமில்லாமல் இரண்டாவது தரப்பில் நிற்கிறார். ஆனால் ஏமாற்று என்பதற்கு ஏமாறுகிற ஒருவர் வேண்டும். பதினெட்டு சென்டிமீட்டர்ப் பிளாஸ்டிக்கைப் பார்த்து எவரும் கார் என்று ஏமாறுவதில்லை. தான் கார் அல்ல என்பதை வெளிப்படையாகக் காட்டிக்கொண்டே காரைப் பற்றிப் பேசும் பொருள் அது. அதனிடம் கேட்க வேண்டியது காரைப் பற்றி அது சொல்வது சரியா என்பதுதான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கண்தான் தீர்ப்பு என்றால் ஒவ்வொருவரும் தன் தவறையெல்லாம் ‘என் பார்வை’ என்று சொல்லித் தப்பிக்கலாமே? தப்பிக்க முடியாது, ஓர் அளவை விட்டு விலக அந்த அளவு முதலில் கையில் இருக்க வேண்டும். டாமியா 1976இல் போர்ஷே 911இன் பந்தய வடிவமான 934ஐ 1/12 அளவில் கொண்டுவந்தது. அதற்காக, பின்னாளில் நிறுவனத்தின் தலைவரான ஷுன்சாகு டாமியா போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி, தன் வடிவமைப்பாளர்களைக் கொண்டு அக்கக்காகக் கழற்றச் செய்தார். திரும்பப் பூட்ட போர்ஷேக்காரர்களின் உதவி தேவைப்பட்டது. இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. எதை விடலாம் என்று தெரிய எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. 934இன் விரிந்த மட்கார்டுகள் ஃபைபர் கிளாஸில் செய்து உடல்மேல் போல்ட்டால் இணைக்கப்பட்டவை. அந்தத் தலைகள் வரிசையாக வெளியே தெரியும், அவைதான் அந்தக் காரின் முகம். ஒரு சென்டிமீட்டர்த் தலை 1/24இல் 0.4 மில்லிமீட்டர், மூன்று கோட்டிங்குக்குப் பிறகு வெறும் பரு. அச்சில் அதைச் சற்றுப் பெரிதாக்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை, என்ன இடைவெளியில், வளைவில் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தெரியாதவர் பெரிதாக்கினால் அது பிழை மட்டுமே. உள்ளே இன்னொரு சோதனை இருக்கிறது. பந்தயக் கார் என்றால் கதவின் உட்புறம் வெறும் தகடாகத்தான் இருக்கும் என்று நாமாகவே நினைப்போம். 934 விதிப்படியான குறைந்தபட்ச எடைக்கும் கீழே வந்துவிட்டதால், பட்டனை அழுத்தினால் இறங்கும் ஜன்னல்களை அதில் அப்படியே விட்டுவைத்தார்கள். ‘பந்தயக் கார் மாதிரி’ ஆக்குகிறேன் என்று கதவை மொட்டையாக்குகிறவர் பார்வையைப் பயன்படுத்தவில்லை, பார்க்காமலே இருந்திருக்கிறார். விலகல் எங்கே நியாயம் என்பதற்கு எனக்குத் தெரிந்த உரைகல் இது: சிறிதாக்கும்போது காரின் எந்தப் பண்பு தொலைகிறதோ அதை மீட்பதற்கு மட்டும் விலகலாம். சக்கரங்களுக்கிடையேயான தூரம் சிறிதாக்குவதால் தொலைவதில்லை. 2,272 மில்லிமீட்டர் 94.7 மில்லிமீட்டராக வந்தே ஆக வேண்டும், அதில் சலுகை இல்லை. உடல் தரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தூக்கி நின்றால் அசலில் அது ஐந்து சென்டிமீட்டர். அதைப் பார்வை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இப்போது லேசர் ஸ்கேன் இருக்கிறது, கணினி வரைவு இருக்கிறது. மரத்தில் பெரிதாகச் செதுக்கி, பேண்டோகிராஃப் வைத்துச் சுருக்கி எஃகில் வெட்டிய காலத்து வாதம் இது என்று சிலர் சொல்வார்கள். ஸ்கேன் அளவுகளைத் தருகிறது, முடிவுகளைத் தருவதில்லை. உருகிய பிளாஸ்டிக் உறைந்த பிறகு எஃகு அச்சிலிருந்து வெளிவர ஒவ்வொரு செங்குத்துச் சுவருக்கும் சற்றுச் சரிவு கொடுத்தாக வேண்டும். சுவர் ஓர் அளவுக்கு மேல் மெலியக் கூடாது. எந்த விவரம் ப்ரைமருக்குப் பின்னும் பிழைக்கும், எது மூழ்கும் என்று யாராவது சொல்ல வேண்டும். ஸ்கேனை அப்படியே சுருக்கி அச்சில் ஏற்றினால் எல்லா விவரமும் இருந்தும் மழுங்கிய கார்தான் கிடைக்கும்.

குறிப்புத்தாளைப் பார்த்து ஒட்டுவதில் என்ன படைப்பு இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, கிட் வணிகத்தின் வரலாறே ஒரு பதில் வைத்திருக்கிறது. ஏஎம்டி 1958இல் கொண்டுவந்த கார் கிட்களின் பெட்டியில் ஒரே காரை மூன்று விதமாக முடிக்கப் பாகங்கள் இருந்தன: ஷோரூம் கார், ரசனைக்கேற்ப மாற்றிய கார், பந்தயக் கார். வாங்கிய பையன் முதல் வேலையாகத் தேர்வுசெய்ய வேண்டியிருந்தது. வேண்டாமென்று விட்ட பாகங்கள் பெட்டியில் கிடந்து, எடுத்த முடிவை நினைவூட்டிக்கொண்டிருக்கும். மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் வெளியான தன் புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயத்தில், ஓவியர் க்ளூவே வரைந்த ஓர் அரசியின் படத்தில் நூல் நூலாகத் தெரியும் பின்னல் கழுத்துப்பட்டையை வைத்துக்கொண்டு, சிறு மாதிரிகள் நமக்கு ஏன் இவ்வளவு நிறைவு தருகின்றன என்று யோசிக்கிறார். அவர் சொல்வதில் இரண்டு விஷயங்கள் இங்கே உதவும். பெரிய பொருளைப் பகுதி பகுதியாக அறிந்து முழுமைக்குப் போகிறோம். சிறிய மாதிரியில் முழுமை முதலில் கைவருகிறது. அடுத்து, அது கையால் ஆக்கப்பட்டது என்பதால் அதில் ஒவ்வொரு தீர்வுக்குப் பின்னாலும் எடுக்காமல் விட்ட தீர்வுகள் நிற்கின்றன, பார்ப்பவரும் அவற்றை ஊகித்து உள்ளே வருகிறார். ஷிசுவோகாவில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் ஹாபி ஷோவில் மாடலர் குழுக்கள் தாங்கள் கட்டியவற்றை மேசைகளில் பரப்பிவைக்கின்றன. ஒரே கிட்டிலிருந்து வந்த இரண்டு கார்கள் அடுத்தடுத்து நிற்கும்போது பேச்சு எப்போதும் வேறுபாட்டைப் பற்றியதாகவே இருக்கும். குறிப்புத்தாள் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதைக் கொண்டே, செய்து முடித்த உலோகக் கார் கடையில் கிடைக்கும்போது ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம்: வாங்குகிறவருக்கு இன்னொருவரின் முடிவுகள் கிடைக்கின்றன, அவை பெரும்பாலும் நல்ல முடிவுகள், அதில் குறையில்லை, ஆனால் 934இன் என்ஜின் பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது என்பதை அதை அங்கே ஒட்டியவர் அறிவதுபோல் அவர் அறிவதில்லை. பிளாஸ்டிக்கைப் பற்றிய கேள்வி இவ்வளவு எளிதாகப் போகாது. பாகங்களை வெட்டிய பிறகு மிஞ்சும் சட்டங்கள் குப்பைக்குத்தான் போகின்றன. லேக்கரும் தின்னரும் மூச்சுக்கும் நல்லதல்ல, சாக்கடைக்கும் நல்லதல்ல. முகமூடியும் காற்றுப்போக்கும் இல்லாமல் இந்த வேலையை யாரும் செய்யக் கூடாது. கட்டாமலே பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்குகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். கட்டிய மாடல் முப்பது, நாற்பது ஆண்டு அலமாரியில் இருக்கும். கட்டாத பெட்டிக்கு அந்த நியாயமும் கிடையாது.

பின்னம் மௌனமாக இருக்கும் கடைசி இடம் நேரம். 934 ரகக் கார்கள் 1976இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடின. சனிக்கிழமை பிற்பகல் தொடங்கி ஞாயிறு பிற்பகல் முடிகிற பந்தயத்தில் எந்த மணியின் காரைக் கட்டுவது? தொடக்கக் கோட்டில் துடைத்து நிறுத்தியதா, விடியலில் பூச்சிகள் அப்பிய மூக்கும் பிரேக் தூளால் கறுத்த சக்கரங்களுமாக வந்ததா? பூச்சிக் கறையையும் 24ஆல் வகுக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர்க் கறை 0.2 மில்லிமீட்டர்ப் புள்ளி, அதற்குமேல் போனால் கார்மீது சேறு எறிந்ததுபோல் ஆகும். அழுக்கை விரும்புகிறவர்கள் அதில் எல்லை தாண்டிப்போவதே வழக்கம், ஏனென்றால் அழுக்கு பிழைகளை மறைக்கும். 934களில் எல்லோருக்கும் நினைவிருப்பது ஆரஞ்சு நிற ஜேகர்மைஸ்டர் கார். அந்த நிறத்தை எனக்குக் கட்டத் தந்தால், எந்த ஓட்டத்தில் வைத்தாலும், முதல் எரிபொருள் நிறுத்தத்துக்குச் சற்று முந்தைய காரையே தேர்வேன். ஆரஞ்சுக்கு மூடும் திறன் குறைவு, அடியில் வெள்ளையோ இளஞ்சிவப்போ கொடுத்துத்தான் அதை ஏற்றவே முடியும். அவ்வளவு பாடுபட்டு ஏற்றியதை இரவு முழுவதன் கரியால் மூடினால் காரின் உருவம் போய்விடும். முன்சக்கரங்களில் மட்டும் பிரேக் தூள், பின்பக்கம் எக்ஸாஸ்ட் வாயைச் சுற்றி லேசான கரி. ஓடிய கார் என்று சொல்ல அது போதும்.